துண்டுக்குள் ஒரு கை

வேலந்தாவளம்
10-6-1974

தம்பி சென்னியப்பனுக்கு அக்கா மருதாத்தாள் எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். நீ மலைக்குளிரில் காதைப் பொத்திக்கொண்டு திரிகிறாயா? தோட்டத்து ஆஸ்பத்திரிச் சோறு வாயில் வைக்க விளங்குகிறதா?

போன மாதம் சந்தையில் என் மாமனார் ஒரு காளையைப் பிடித்துப் பார்க்கப் போனார். அது மிரண்டு ஓடியதில் கயிறு வலது கையைச் சுற்றி இழுத்துவிட்டது. மாட்டுத் தரகருக்குக் கைதானே வாய்? துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விற்கிறவன் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வெளியே ஒரு வார்த்தை வராது.

வைத்தியர் வந்து முட்டை வெள்ளையையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை கொடுத்து, ஐந்து விரலையும் நீட்டினபடியே வைத்துக் கட்டிவிட்டுப் போனார். இந்த வெயிலுக்கு அந்த முட்டை என்ன ஆகும்? வீட்டுக்குள் எலி செத்த நாற்றம். 

என் கவலை உனக்குத் தெரியும். கல்யாணமாகி இரண்டு வருஷம். உன் மச்சானோடு நான் இருந்தது பண்டிகைக்குப் பண்டிகைதான். பவர் ஹவுஸ் வேலையில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் சித்திரபுரத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். இப்போது, "அப்பனுக்குக் கை சரியாகட்டும்" என்கிறார். மாமியார் இல்லாத வீடு. நாத்தனார் மயிலாத்தாளோ தை மாதம் உனக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள். என்னைக் கொடுத்து அவளை எடுப்பதாகப் பெரியவர்கள் செய்த ஏற்பாட்டில் நீயும் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீ மதராஸில் மூட்டு, தசை என்று படித்தவன். இந்தக் கை எப்போது மடங்கும்? அது மடங்கினால்தான் நான் மலை ஏறுவேன்.

உன் அக்கா,
மருதாத்தாள்

சித்திரபுரம்
19-6-1974

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சென்னியப்பனின் வணக்கம். இங்கே மழை பிடித்துவிட்டது. சளி தவிர வேறு குறை இல்லை. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். மூட்டு இருப்பதே அசைவதற்கு. இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே வழவழப்பான நீர் இருக்கிறது, அசையும்போதுதான் அது எல்லா இடத்துக்கும் பரவும். சும்மா கிடந்தால் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை சுருங்கிவிடும். அதிலும் விரல்களை நீட்டி வைத்துக் கட்டியது பெரிய தப்பு.

இன்னொன்று. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் மடக்க ஒரு பக்கம் தசை, நீட்ட எதிர்ப்பக்கம் தசை என்று இருக்கிறது. விரலை மடக்குகிற பெரிய தசை விரலிலேயே இல்லை. முழங்கைக்குக் கீழே சதைப்பற்றாக இருக்கிறதே, அங்கே இருக்கிறது. அங்கிருந்து கயிறு போல ஒன்று மணிக்கட்டு வழியாக விரல் நுனிவரை ஓடுகிறது. நீங்கள் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு விரலை மடக்கிப் பாருங்கள், உள்ளே அது நகர்வது கைக்குத் தெரியும்.

வெந்நீரில் கையை வைத்து, ஒவ்வொரு கணுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். ஆடி முடிவதற்குள் சரியாகிவிடும். நீங்கள் மலைக்கு வருகிற அன்று பஸ்ஸடியில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
தம்பி சென்னியப்பன்

வேலந்தாவளம்
2-7-1974

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் சளி போயிற்றா? மிளகு ரசம் வைத்துக் குடி. என் சங்கதியைக் கேள்.

கட்டை அவிழ்த்தோம். தூ! உள்ளே தோல் வெளுத்து, ஊறிப்போன பழைய சோறு மாதிரி இருந்தது. பட்டையில் புழு. நான்தான் கழுவிவிட்டேன். அன்று முழுக்க எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அது போகட்டும். வெந்நீர் வைத்துக் கொடுத்தால் கையை நனைத்துவிட்டு, "ஐயோ நோவுதே" என்று எடுத்துவிடுகிறார். விரல் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. இடது கையால் ஒரு கரண்டி பிடித்துச் சாப்பிடலாமே என்றேன். "பீச்சாங்கையில திங்கறதுக்கு நானென்ன நாயா? நீ ஊட்டி உடு அம்மணி" என்றார். மயிலாத்தாள் ஊட்ட வந்தால், கல்யாணத்துக்கு நிற்கிற பெண் கை நடுங்கிச் சிந்துகிறதாம். என் கையில் தின்றால்தான் இறங்குகிறதாம்.

தம்பி, மாமனார் முன்னால் நான் நிமிர்ந்து நின்றதுகூட இல்லை. இப்போது வேளாவேளைக்கு அந்த வாய்க்குள் என் விரல் போகிறது. வெற்றிலைக் காவி ஏறின பல். கவளத்தோடு என் விரலையும் சேர்த்துச் சப்புகிறார். பிடிக்காததை என் உள்ளங்கையிலேயே துப்புகிறார். மூக்குச் சிந்திவிடுவதும் நான்தான். கையைப் புளி போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகவில்லை. 

இதில் உன் மச்சானுக்குக் கடிதம் எழுத வேண்டியவளும் நானே. மாமனார் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "கை அப்படியேதான் இருக்குது. மருமவ இல்லாட்டி நான் செத்தே போவேன்." என் காலுக்கு நானே விலங்கு பூட்டி, ஸ்டாம்பும் ஒட்டி அனுப்புகிறேன்!

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதா என்று நீ போய்ப் பார்த்து எழுது.

அக்கா

சித்திரபுரம்
15-7-1974

அக்காவுக்கு வணக்கம். ரசம் வைத்துக் குடித்தேன், சளி விட்டது. உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

அக்கா, இதில் ஏதோ சரியில்லை. ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கையிலேயே முதலில் பாருங்கள். கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, மணிக்கட்டை உள்பக்கமாகக் குனியவிட்டால் விரல்கள் தானாக விரியும். மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தினால் தானாகச் சுருண்டுகொள்ளும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உள்ளே அந்தக் கயிறுகள் இழுபட்டும் தளர்ந்தும் அப்படிச் செய்கின்றன. உணர்ச்சி செத்த கையில்கூட இது நடக்கும்.

மாமாவின் கையைத் துடைக்கிற சாக்கில் மணிக்கட்டை அப்படியும் இப்படியும் அசைத்துப் பாருங்கள். விரல் இரண்டுக்கும் அசையாமல் நின்றால், ஒன்று மூட்டு உண்மையிலேயே இறுகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் வேண்டுமென்றே விறைத்துப் பிடித்திருக்க வேண்டும். இறுகின மூட்டு தூக்கத்திலும் இறுகியே இருக்கும். நடிப்பவருக்கு அது முடியாது. அவர் தூங்கும்போது பாருங்கள்.

மச்சானை வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். நேரிலேயே கேட்டுவிடுகிறேன்.

தம்பி சென்னியப்பன்

வேலந்தாவளம்
24-7-1974

தம்பிக்கு. நான் இருக்கிறேன், நீயும் நன்றாக இரு.

நீ சொன்னபடி பார்த்தேன். துடைக்கிற சாக்கில் மணிக்கட்டைக் குனித்தேன், நிமிர்த்தினேன். பலகை பலகையாகவே நின்றது. ஆனால் முழங்கைக்குக் கீழே என் கட்டைவிரல் பட்ட இடத்தில் சதை கல் மாதிரி இறுகித் துடித்தது. முகத்தைப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனார். வாயோரம் ஜொள்ளு. நான் மோர்ச்சொம்போடு தூணோரம் நின்றேன். அந்தச் செத்த கை மெதுவாக எழுந்தது. அக்குளுக்குள் போய் வறட் வறட்டென்று சொறிந்தது. அப்புறம் மார்மேல் வந்து கோழிக்குஞ்சு மாதிரி சுருண்டு படுத்துக்கொண்டது. இந்தக் கையைத்தான் நான் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன்! மயிலாத்தாளும் பார்த்தாள்.  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எதற்கு இந்த நடிப்பு? உட்கார்ந்து தின்ன ஆசையென்றால் தின்னட்டும், அதற்கு என் விரல் எதற்கு? உன் மச்சானிடம் இதைச் சொல். சொன்னால் மறுநாளே வந்து கூட்டிப்போவார். பதிலை உடனே போடு.

அக்கா

சித்திரபுரம்
30-8-1974

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். மழையில் தபால் வண்டி சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் கூட்டம். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு எல்லாம் தோள்பட்டை வலி. தோள் மூட்டு ஒரு விசித்திரமான மூட்டு. கிண்ணம் சின்னது, அதில் உட்காரும் பந்து பெரியது. அதனால் எல்லாத் திசையிலும் சுழலும். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக, சட்டென்று நழுவியும்விடும். முழங்கை அப்படியில்லை, கதவுக் கீல் மாதிரி.

மச்சானைப் பார்த்தேன். சௌக்கியமாக இருக்கிறார். குவார்ட்டர்ஸ் சின்னதுதான். ஆனாலும் துப்புரவாக இருக்கிறது. வாசலில் கோலம், பக்கத்தில் ரோஜாச் செடி. காப்பி கொடுத்தார், நன்றாக இருந்தது.

மாமாவின் கை பற்றி யோசித்துப் பார்த்தேன். நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. தூக்கத்தில் விரல் சுருளுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இப்படிப்பட்ட மூட்டுகள் தேற ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். நீங்கள் பொறுமையாக அங்கேயே இருந்து பார்த்துக்கொள்வதுதான் நல்லது. தை மாதம் எப்படியும் நான் வருவேன். அப்போது எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

தம்பி சென்னியப்பன்

வேலந்தாவளம்
8-9-1974

சென்னியப்பனுக்கு. நலமா என்று கேட்கிறேன். பதிலும் ஒழுங்காக வரட்டும்.

தூங்கும்போது பார் என்று எழுதினவனும் நீ, தூக்கத்தை நம்பாதே என்கிறவனும் நீ. எது படிப்பு, எது புளுகு?

ஆம்பிளை தனியாக இருக்கிற வீட்டு வாசலில் கோலம் யார் போட்டது? உன் மச்சானுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது. காப்பி நன்றாக இருந்ததாமே! யார் போட்ட காப்பி?

அவர் ஆவணியில் ஒரு நாள் வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அப்பனும் மகனும் கிணற்றுமேட்டில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். நான் மோர் கொண்டுபோனால் பேச்சு நின்றது. சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். "அப்பன் கையைப் பாத்துக்க" என்றார். என் கையை யார் பார்ப்பது? தோல் உரிந்து கிடக்கிறது, கழுவிக் கழுவி.

நேற்றுப் பெரியமுத்து அண்ணன் பால் ஊற்ற வந்தார். போன சந்தையில் அவர் மாட்டுக்கு மாமனார்தான் விலை பேசினாராம். "கை நோவுன்னு கழுத்துல தொட்டில் கட்டிட்டுத்தானுங்க வந்தாரு. துண்டுக்குள்ள புடிச்ச புடியில எம்பட விரலே வீங்கிப்போச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். பீச்சாங்கையால் விலை பிடித்தால் அங்கே எவனும் மாடு கொடுக்க மாட்டான். அப்படியானால் பிடித்தது எந்தக் கை? துண்டு மூடியிருக்கிறது, எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்துவிட்டார். அடுத்த சந்தைக்கு நானே போகிறேன்.

மருதாத்தாள்

சித்திரபுரம்
25-9-1974

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலம். உங்கள் நலத்துக்கு மாரியம்மனை வேண்டுகிறேன்.

கோலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டதாக இருக்கும். இங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவி. நீங்கள் சின்ன விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம்.

தோல் உரிந்ததற்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். மனிதக் கைக்குச் சிறப்பே கட்டைவிரல்தான் அக்கா. அதன் அடிமூட்டு குதிரைச் சேணம் மாதிரி இருப்பதால் மற்ற நாலு விரலையும் அதனால் எதிர்கொண்டு தொட முடிகிறது. மாமாவுக்கு முதலில் அந்த மூட்டுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம்.

சந்தைக்குப் பெண்கள் போவது நம் குடும்பத்துக்கு அழகில்லை. தயவுசெய்து போகாதீர்கள். தை வரை மட்டும் பொறுங்கள்.

சென்னியப்பன்

வேலந்தாவளம்
10-10-1974

சென்னியப்பா,

போனேன்.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். பெரியமுத்து அண்ணனிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். விலை பேசும்போது தரகர் எதிராளி முகத்தைப் பார்ப்பதில்லை. மனசு தெரிந்துவிடும் என்று மாட்டின் கொம்பையோ ஆகாசத்தையோ பார்த்துக்கொண்டுதான் நிற்பார். உன் மச்சானைப் பெற்றவரும் அப்படித்தான் ஒரு மயிலைக் காளையின் திமிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியமுத்து அண்ணன் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தார். நான் வைத்தேன்.

என் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தார். நான் அசையவில்லை. மோதிர விரலையும் வளைத்துச் சேர்த்துக்கொண்டார். அப்புறம் சுண்டுவிரல் நுனியைக் கிள்ளினார். நீ எழுதினாயே, கணு கணுவாக, கயிறு கயிறாக? எல்லாம் அந்தக் கையில் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஒரு குறையும் இல்லை.

நாலு மாதம் இந்த விரலில் தின்ற மனிதர். சப்பின விரலைக் கைக்கு அடையாளம் தெரியவில்லை! அதுதான் எனக்கு ரொம்பக் குமட்டியது. சத்தமாகச் சொன்னேன்: "மாமா, வெலை கட்டாதுங்க."

சந்தையே திரும்பியது. துண்டு கீழே விழுந்தது. அவர் விரல் என் விரலை அப்போதும் விடவில்லை. ஒருத்தன் விசிலடித்தான். மாடுகூட மூத்திரம் பெய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது என்று பெரியமுத்து அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாராம்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கத்தினார். "எனக்கென்ன சோறு திங்கத் தெரியாதா? உன்னைய இங்கயே நிறுத்தி வெக்கோணும்னுதான் கையை நீட்டீட்டுக் கெடந்தேன். மேல அவன் ஒருத்தியக் கூட்டி வெச்சிருக்கறான். கைப்புள்ளை வேற. நீ போயி நின்னா மானம் சந்தி சிரிச்சுருமில்ல? எல்லாம் உந்தம்பிக்கும் தெரியும். ஆடியிலயே போயி, அவ போட்ட காப்பியைக் குடிச்சுட்டுத்தான் வந்தானாம்!"

குடித்தாயா? நன்றாக இருந்தது என்று எனக்கே எழுதினாயே!

அவர் கெட்டவர், தெரிந்துபோயிற்று. உன் மச்சான் அவரைவிடக் கேவலம். அந்த மலைக்காரப் பெண்ணை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவளிடம் என்ன புளுகினாரோ. ஆனால் நீ? அந்தக் கோலத்தை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு மாதம் வாயை மூடியிருந்து, அப்புறம் எனக்குத் தோள் மூட்டைப் பற்றி எழுதினாயே. நான் எச்சில் கழுவிக்கொண்டிருந்தேன், நீ கிண்ணம், பந்து என்று பாடம் நடத்தினாய். எதற்கு? தை மாதத்துக்கு. என் கல்யாணம் முறிந்தால் உன் கல்யாணம் நடக்காதே என்று. சீ! என் கூடப் பிறந்தவன் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது.

மயிலாத்தாள் பக்கத்திலேயே நின்று எல்லாம் கேட்டாள். ராத்திரிக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை. என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டாள்: "நங்கையா, அவரு அந்த ஊட்டுக்குள்ள போயி அவளைப் பாத்தாருங்களா?" பார்த்தான் என்றேன். "பாத்துப்போட்டும் உங்களை இங்க ஊட்டி உடச் சொன்னாருங்களா?" ஆமாம் என்றேன். "நாளைக்கு எனக்கும் அப்படித்தானுங்களே செய்வாரு" என்றாள். அழவில்லை. துணியை மூட்டை கட்டினாள்.

அவள் வண்ணாமடைக்கு, அம்மான் வீட்டுக்குப் போகிறாள். நான் கொழிஞ்சாம்பாறைக்கு, நம் அப்பனிடம். எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து எனக்காகப் பேச வேண்டாம்.

இனி நலம் விசாரித்து எழுதாதே. எழுதித்தான் தீருவேன் என்றால் மூட்டைப் பற்றி மட்டும் எழுதாதே.

மருதாத்தாள்

வேலந்தாவளம்
2-11-1974

மாப்பிள்ளை சென்னியப்பனுக்கு மாமன் கந்தப்பன் எழுதும் காயிதம். இவ்விடம் சுகமில்லை. அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். எழுதிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாதபடியால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உன் அக்காள் போய்விட்டாள். மயிலாத்தாளும் போய்விட்டாள். உன்னை மாப்பிள்ளை என்று எழுதலாமா கூடாதா தெரியவில்லை. தைக்கு நாள் குறித்ததை அழித்துவிடச் சொல்லி அவள் அம்மான் ஆள் அனுப்பியிருக்கிறான். நான் போய்க் கூப்பிட்டதற்கு வெளியே வரவில்லை. பெற்ற பெண்ணுக்கு இத்தனை திமிர்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. டீக்கடை பன்னும் பழமும் தின்று வயிறு கெட்டுப்போயிற்று. நீ என் மகன் கருப்புசாமியைப் பார்த்துச் சொல். அங்கே வைத்திருக்கிறவளையும் பிள்ளையையும் இங்கே கொண்டுவந்து விடச் சொல். ஊர் ஏற்கெனவே சிரித்துவிட்டது, இனி என்ன மானம். அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள் என்றான். இருந்துவிட்டுப் போகட்டும். சோறாக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டு எழுது.

சந்தைக்குப் போனேன். என் துண்டுக்குள் கை வைக்க எவனும் வரமாட்டேன் என்கிறான். வேறு விசேஷம் இல்லை. விரல் நன்றாகத்தான் மடங்குகிறது.

இப்படிக்கு,
கந்தப்பன்